ஒட்டுக்கா பத்துப் பேரு சுடப் போறப்ப ரேஞ்சுல ஒழுங்கு எப்படி வெக்கறது?

தோப்புக்காரர்_பொள்ளாச்சி

வணக்கமுங்க. எங்க உழவர் குழுவுல 12 பேரு. ரைபிள் கிளப்புல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிலிருந்து 11 மணி வரைக்கும் 25 மீட்டர் ரேஞ்சு ஒதுக்கித் தர்றாங்க. 4 லேன், அதாவது பக்கத்துப் பக்கத்துல படுத்துச் சுடற நாலு எடம். கிளப்போட .22 போல்ட் ரைபிள் 4, பக்கத்துல 10 மீட்டர் ஷெட்டுல ஏர் ரைபிள் 2. எட்டுப் பேரு துப்பாக்கியே தொட்டதில்லை. மீதி நாலு பேருக்கு பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸ்ல 12 போர் இரட்டைக்குழல் இருக்குது, அதையும் கொண்டாரலாமான்னு கேக்கறாங்க. கிளப் தரப்புல ரேஞ்ச் ஆபீசர் ஒருத்தரு இருப்பாரு. எங்க பக்கம் என்னென்ன ஏற்பாடு வேணும்? நாலு விதியைத் தாள்ல அடிச்சுக் குடுத்தாப் போதுமுங்களா?

நொய்யல்_கரை

தாள்ல அடிச்சுக் குடுங்க, தப்பில்லீங்க. எந்தத் துப்பாக்கியிலயும் தோட்டா இருக்குதுன்னே வெச்சுக்கணும். சுட மனசில்லாத எதையும் குழல்வாய் பாக்கக் கூடாது. குறி உக்காற்ற வரைக்கும் விரல் டிரிக்கருக்குள்ள போகக் கூடாது. குறிக்கு அக்கட்ட என்ன இருக்குதுன்னு தெரியணும்.

ஆனா இந்த நாலும் அவனவன் கையில இருக்கற துப்பாக்கியைப் பத்தினது. 12 பேரு சேந்தா இன்னொண்ணு வேணும்: சுடாத ஆளு என்ன பண்ணிட்டிருக்கான்? குண்டு வெடிக்கற நேரத்துல எல்லாரும் உசாராத்தான் இருப்பாங்க. சுட்டு முடிச்சு, டார்கெட் பாக்கப் போயி, அடுத்த ஆளு வந்து படுக்கற அந்த இடைவெளிதான் கெட்ட நேரம். ரைபிள் மேசைல கிடக்குது, நாலு பேரு முன்னாடி அட்டை மாத்தறாங்க, பின்னாடி நிக்கற ஒருத்தன் "சும்மா குறி பாக்கறேன்"னு எடுக்கறான். உங்க திட்டத்துல பாதி இந்த இடைவெளிக்கே போகட்டும்.

பழைய_டீடெய்ல்_கோபி

மேல சொன்னதை அப்படியே புடிச்சுக்கறேன். என்.சி.சி.ல ஃபயரிங் போனவங்களுக்கு இது தெரியும். அங்க 'பர்' (நிரப்பு), 'காலி கர்' (காலி பண்ணு), 'ஜாஞ்ச் ஷஸ்த்ர' (துப்பாக்கியைச் சோதிச்சுக் காட்டு)ன்னு இந்தில சத்தம் வரும். கிளப்புல லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். எந்த பாஷைல இருந்தாலும் சரி, குரல் ஒண்ணா இருக்கணும். ரேஞ்ச் ஆபீசரைத் தவிர வேற யாரும் சுடவோ நிரப்பவோ சொல்லக் கூடாது. ஒரே ஒரு விலக்கு 'ஸ்டாப்'. அதைச் சமையல்காரரு கூடக் கத்தலாம். கத்தினவரு தப்பாக் கத்தியிருந்தாலும் யாரும் திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டிப்போட்டீங்கன்னா அடுத்த தடவை கத்த வேண்டிய ஆளு யோசிப்பாரு.

ஸ்டாப் வந்ததுக்கு அப்புறம் நடக்க வேண்டியதை வரிசையாச் சொல்றேன். வரிசை முக்கியமுங்க.

விரல் வெளிய. குழல் குறிக்குப் பின்னாடி இருக்கற மண்ணு மேட்டைப் பாத்தபடியே இருக்கட்டும். மொதல்ல மேகசின் (தோட்டா அடுக்கற சின்னப் பெட்டி) கழட்டணும், பொறகுதான் போல்ட் (கையால இழுத்துத் தள்ளற மூடி) திறக்கணும். மாத்திப் பண்றதுதான் புதுசா வர்றவங்க எச்சாப் பண்ற தப்பு. போல்ட்டை இழுத்து அறையில (குழலோட பின்பக்கம் தோட்டா உக்காற்ற எடம்) இருந்த தோட்டா வெளிய வந்ததும் "காலி"ன்னு நினைச்சு போல்ட்டைத் தள்ளுவாங்க. மேகசின் உள்ளயே இருக்கறதால அடுத்த தோட்டா அறைக்குப் போயிரும். அப்புறம் மேகசினைக் கழட்டிக் கையில காட்டி "பாருங்க, காலி"ம்பாங்க.

போல்ட் திறந்ததும் அறைக்குள்ள கண்ணால பாக்கணும், சுண்டுவிரல் நுனியால தடவியும் பாக்கணும். .22 அறைக்குள்ள விரல் போகாது, ஆனா வாயில தோட்டா இருந்தா விளிம்பு தட்டுப்படும். பாத்துட்டு, காலின்னு காட்டற ஆரஞ்சு கொடியை அறையில சொருகணும். துப்பாக்கியை வெச்சுப்போட்டு எந்திரிச்சு, சுடற கோட்டுக்கு ரெண்டு அடி பின்னாடி வந்து நிக்கணும். ரேஞ்ச் ஆபீசர் 1ஆம் லேனிலிருந்து 4 வரைக்கும் நடந்து கொடியைத் தொட்டுப் பாப்பாரு. தூரத்திலிருந்து பாத்துத் தலையாட்டறது செல்லாது. அவரு "போலாம்"னதுக்கு அப்புறந்தான் முன்னாடி போகணும்.

ஆளுங்க முன்னாடி இருக்கற வரைக்கும் பின்னாடி நிக்கறவங்க கை துப்பாக்கி மேல படவே கூடாது. துடைக்கறது, குறி பாக்கற சைட்டைத் திருகறது, மேகசின் நிரப்பறது, படம் புடிக்கறது ஒண்ணும் கிடையாது. போனவங்க நாலு பேருன்னா திரும்பி வந்த நாலு பேரையும் எண்ணிப் பாத்துட்டுத்தான் அடுத்த 'லோட்'.

காங்கயம்_காளை

இத்தனை கெடுபிடி எதுக்குங்க? சேஃப்டி போட்டு வெச்சாப் போதாதா? கம்பெனிக்காரன் என்ன மடையனா, அதுக்குத்தான பட்டன் வெச்சிருக்கான்.

இரட்டைக்குழல்_ஈரோடு

> சேஃப்டி போட்டு வெச்சாப் போதாதா?

போதாதுங்க. நம்ம ஊர்ல கிடக்கற 12 போர் இரட்டைக்குழல்ல நெம்பப் பேருக்கு இது தெரியறதில்லை: சேஃப்டி பட்டனைப் பின்னுக்கு இழுத்தா பூட்டிக்கறது டிரிக்கர் மட்டும்தான். உள்ள சுத்தியல் ஏறி நின்ன மேனிக்கே நிக்கும். அதைத் தாங்கறது சியருங்கற சின்னக் கொக்கியோட முனை. முனை தேஞ்சு போயிருந்தா, துப்பாக்கி சுவத்துல சாச்சது சரிஞ்சு விழுந்த அதிர்ச்சில நழுவும். அப்ப டிரிக்கர் பூட்டியிருந்து என்ன பிரயோசனம்? சுத்தியல் வெளிய தெரியற பழைய மாடல்ல பலதுக்கு அந்தப் பட்டனே கிடையாது. அரைக்கொக்கியை (சுத்தியலைப் பாதி ஏத்தி நிறுத்தறது) நம்பறதும் அதே கதைதான்.

இரட்டைக்குழலுக்கு நம்பற சேஃப்டி ஒண்ணே ஒண்ணு: மடக்கித் திறந்து, ரெண்டு குழல் வழியாவும் வெளிச்சம் தெரியணும். திறந்து கையில தொங்கற துப்பாக்கியைப் பத்தடி தூரத்துல நிக்கறவனும் பாத்துக்கலாம். பறக்கற தட்டைச் சுடற டிராப் போட்டிகள்ல 6 பேரு ஒரு அணியா 5 நிலைகள்ல மாறி மாறிச் சுடறாங்க. நிலைல நின்னு குறிப்பக்கம் திரும்பினதுக்கு அப்புறந்தான் தோட்டா உள்ள போகும், மூடுவாங்க. 5லிருந்து 1க்கு நடந்து போறப்ப துப்பாக்கி மடக்கித் திறந்தே இருக்கும். உலகத் தரத்துல சுடறவங்களுக்கே அப்படின்னா நமக்கென்னங்க.

இன்னொண்ணு. புதுசா சுடறவனுக்கு இரட்டைக்குழல்ல ஒரு தோட்டாதான் குடுக்கணும். ஒண்ணு சுட்டதும் தோள்ல ஒதை வாங்கி, சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பான். அடுத்த குழல்ல தோட்டா இருக்கறது அவனுக்கு ஞாபகமே இருக்காது.

தோப்புக்காரரே, அந்த நாலு 12 போரும் வூட்டுலயே இருக்கட்டும். 25 மீட்டர் .22 ரேஞ்சோட மேடும் தடுப்பும் .22க்குன்னு கட்டினது. அது போக, லைசன்ஸ் ஒருத்தரு பேர்ல இருக்கற துப்பாக்கியைப் பக்கத்துல நிக்கறவரு கையில சுடக் குடுக்கறதுக்குச் சட்டம் இடம் குடுக்காது. கிளப் துப்பாக்கி, கிளப் விதி, அதோட நில்லுங்க.

பின்னலாடை_திருப்பூர்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும். கிளப், கட்டணம், நேரம்னு எதுக்கு? எங்க பக்கம் கைவிட்ட பாறைக்குழி எத்தனையோ கிடக்குது. நாலு பக்கமும் 40 அடிக் கல்லுச் சுவரு. ஏர்கன்னோ .22வோ அங்க போயி சுட்டா யாருக்கு என்ன ஆகப்போகுது?

நொய்யல்_கரை

ஐயா, இருக்கறதுலயே மோசமான இடம் அதுதான். கல்லு குண்டை வாங்கிக்காது, திருப்பி விடும். வெடி வெச்சு உடைச்ச பாறை முகம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோணத்துல இருக்கும். எதுல பட்டு எக்கட்ட திரும்பும்னு யாரும் சொல்ல முடியாது. ஈயம் சில்லுச் சில்லாத் தெறிச்சுக் கண்ணுக்கு வரும். குழிக்குள்ள தண்ணி நின்னா அது வேற. தாழ்வான கோணத்துல பட்ட குண்டு தண்ணில முங்காது, பசங்க ஓட்டாஞ்சில்லு வீசித் தத்த வெக்கறாங்களே, அந்த மாதிரி தத்திப் போகும். ரேஞ்சுல குறிக்குப் பின்னாடி சலிச்ச மண்ணு, கல்லில்லாத மண்ணு மேடு போடறதே இதுக்குத்தான்.

தோப்புக்குள்ள சுடறவங்களும் கேட்டுக்கோங்க. தென்னை மரம் தடுப்பு ஆகாது. உருண்டை மரத்துல ஓரமாப் பட்டாலே குண்டு திசை மாறிரும். படாமப் போனா?

.22 லாங் ரைபிள் குண்டு வெறும் 2.6 கிராம். குழலைக் கொஞ்சம் தூக்கிச் சுட்டா ஒண்ணரை கிலோமீட்டர் போகும். சிதறு குண்டுக்கு ஒரு வாய்க்கணக்கு இருக்குது: குண்டோட விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதை 80 ஆல பெருக்குங்க, அதிகபட்சமா அத்தனை மீட்டர் போகும். 2.6 மி.மீ. குண்டுன்னா 200 மீட்டர் சொச்சம். பெரிய குண்டு போட்ட எஸ்.ஜி. தோட்டாவுல குண்டு 8 மி.மீ.க்கு மேல, 650 மீட்டர் தாண்டும். நம்ம காட்டுல 650 மீட்டர்னா நடுவுல ரெண்டு இட்டாரி (வேலிக்கு நடுவுல போற தடம்), ஒரு பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால், மாடு மேய்க்கற ஆளு, பள்ளிக்கூடம் போற புள்ளைங்க.

நோம்பில வானத்தைப் பாத்து சுடறதுக்கும் இதே கணக்குத்தான். மேல போனது எங்கயோ எறங்கும். 2019ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தினப்ப, கொண்டாட்டத்துக்குச் சுட்டு அடுத்தவன் உசுருக்கு ஆபத்து உண்டாக்கினா 2 வருசம் வரைக்கும் சிறை, 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும்னு தனியாவே சேத்திருக்காங்க.

பின்னலாடை_திருப்பூர்

சரிங்க, பாறைக்குழியை விட்டுட்டேன். ஆனா 25 மீட்டர்ல ஆளு குறியைத் தவற விட்டாலும் மேட்டுலதான படும்? மேடு என்ன கைக்குட்டை அளவா?

நொய்யல்_கரை

70 செ.மீ. குழல். நுனி வெறும் 5 செ.மீ. மேல தூக்கிட்டா 25 மீட்டர்ல குண்டு 1.8 மீட்டர் மேல போகும். குறி 1 மீட்டர் உசரத்துல இருந்தா 2.8 மீட்டர்ல போய்ச் சேரும். உங்க மேடு எத்தனை உசரம்? போல்ட் தள்ளறப்ப நுனி 5 செ.மீ. ஆடறது சர்வ சாதாரணமுங்க. விரல் உள்ள இருந்தா அப்ப வெடிக்கும். அதனாலதான் போல்ட் போடறப்ப விரல் வெளியன்னு தொண்டை கிழியக் கத்தறது.

பழைய_டீடெய்ல்_கோபி

ஆடு மாடு கணக்கெல்லாம் சரி, காத்தையும் சேத்துக்கோங்க. ஆனி, ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பொள்ளாச்சிப் பக்கம் எப்படி அடிக்கும்னு தோப்புக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, காதுல பஞ்சும் மேல மஃப்பும் (காதை மூடற உறை) போட்டவனுக்கு எதிர்க்காத்துல குரலே கேக்காது. விசில் வெச்சுக்கோங்க, நீளமா ஒரு ஊதல்னா ஸ்டாப். இன்னொண்ணு, டார்கெட் தாள் பிச்சுக்கிட்டுப் பறக்கறப்ப யாரோ ஒருத்தன் யோசிக்காமப் புடிக்கறதுக்கு ஓடுவான். கோட்டைத் தாண்டி. தாளுக்கு நாலு மூலைலயும் கிளிப் போடுங்க, தொப்பி பறந்தாலும் அப்படியே உட்டுருங்கன்னு முன்கூட்டியே சொல்லுங்க.

கொடி பத்தி: செங்கொடி ஏத்தியிருந்தா இங்க பழக்கத்துல "சுட்டுக்கிட்டிருக்காங்க, வராதே"ன்னு அர்த்தம். சில எடத்துல செவப்பு விளக்கை "நிறுத்து"ங்கறதுக்கு வெப்பாங்க. ரெண்டும் நேர் எதிர். காலைல மொத வேலையா அந்த ரேஞ்சுல எது எதுன்னு கேட்டு 12 பேருக்கும் சொல்லிருங்க.

காதுக்கு: .22 ரைபிளே 140 டெசிபல் கிட்ட வரும், 12 போர் 150ஐத் தாண்டும். பின்னாடி உக்காந்து டீ குடிக்கறவருக்கும் காதடைப்பு வேணும். கண்ணாடி எல்லாருக்கும். ஏர் ரைபிள் ஷெட்டுலயும் கண்ணாடி, பொம்மைன்னு நினைக்காதீங்க. 4.5 மி.மீ. குண்டு கண்ணுல பட்டா அத்தோட போச்சு.

தோப்புக்காரர்_பொள்ளாச்சி

எல்லாருக்கும் நன்றிங்க. ஒரு திட்டம் போட்டிருக்கேன், ஓட்டை இருந்தாச் சொல்லுங்க.

7 மணிலிருந்து 7.40 வரைக்கும் பேச்சு, காலித் துப்பாக்கில பழக்கம். அப்புறம் நாலு பேரா மூணு டீடெய்ல் (ஒட்டுக்கா சுடற அணி). சுட 15 நிமிசம், மாத்த 10 நிமிசம், ஒரு சுத்துக்கு 75 நிமிசம். ரெண்டு சுத்து, 10.10க்கு முடியும். ஆளுக்கு சுத்துக்கு 10 தோட்டா, மொத்தம் 240. 50 இருக்கற டப்பா 5. ரேஞ்ச் ஆபீசருக்கு உதவியா நானும் நின்னுக்கறேன், மூணாவது டீடெய்ல்ல நானும் சுட்டுக்கறேன். பழகின நாலு பேரு மொத டீடெய்ல், புதுசு எட்டும் பின்னாடி.

பழைய_டீடெய்ல்_கோபி

மூணு ஓட்டைங்க.

வரிசையைத் திருப்புங்க. புதுசு எட்டும் மொதல் ரெண்டு டீடெய்ல், பழகின நாலு பேரு ஆளுக்கொரு லேன்ல அவங்க பின்னாடி, கை எட்டற தூரத்துல. சுடறவன் திரும்பினா தோளைப் புடிச்சு நிறுத்தற வேலை அவங்களுக்கு. அந்த நாலு பேரும் சுடறது கடைசில. ஆனா 12 போர் வெச்சிருக்கறதாலயே ஒருத்தர் கோச் ஆகிட முடியாது. மேகசின், போல்ட், கொடி அந்த வரிசையை மொதல்ல அவங்க செஞ்சு காட்டட்டும்.

ரெண்டாவது, மேற்பார்வைக்கு நிக்கறவரு அன்னைக்குச் சுடக் கூடாது. கோட்டுல படுத்தா அவரு கண்ணு சைட்டுக்குள்ள போயிரும். சுடணும்னா வேலையை முழுசா இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சு, அதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டுப் படுங்க.

மூணாவது, 10 தோட்டாவை ஒட்டுக்காக் கையில குடுக்காதீங்க. அஞ்சஞ்சாக் குடுங்க, அதுவும் கோட்டுல வெச்சு. தோட்டாவுக்குன்னே ஒரு ஆளு, ஒரு நோட்டு. குடுத்தது, வெடிச்ச கேஸ் (சுட்டதுக்கு அப்புறம் மிஞ்சற தோட்டாக் கூடு), வெடிக்காதது, மீதி. 250ல 10 மீதி இருக்கோணும். கேஸ் 239 வந்தா ஒண்ணு எங்கயோ கிடக்குது. புல்லுலயா, யாரு அங்கராக்குச் சோப்புலயா (சட்டைப் பையில)ன்னு தேடாம யாரும் கெளம்பக் கூடாது.

அவிநாசி_அத்திக்கடவு

வெடிக்காதது பத்திச் சொன்னீங்க. 'டிக்'னு சத்தம் வந்து வெடிக்கலைன்னா ஒடனே போல்ட்டைத் திறக்கலாங்களா?

இரட்டைக்குழல்_ஈரோடு

திறக்காதீங்க. குழல் மேட்டைப் பாத்தபடியே 30 விநாடி அசையாம இருக்கணும். துப்பாக்கி புடிக்காத கையைத் தூக்கினா ரேஞ்ச் ஆபீசர் வருவாரு. மருந்து மெதுவாப் பத்திச் சித்த நேரம் கழிச்சு வெடிக்கறது உண்டு. அப்ப போல்ட் திறந்திருந்தா கேஸ் மூஞ்சிக்கு நேரா கிழியும்.

ரேஞ்சுல நான் எச்சாப் பயப்படறது இந்த நேரத்துக்குத்தான். துப்பாக்கி சிக்கிக்கிச்சுன்னா மனுசன் என்ன பண்ணுவான்? தெரிஞ்சவன்கிட்டக் காட்டத் திரும்புவான். அப்ப குழல்வாய் பக்கத்து மூணு லேனையும் தடவிக்கிட்டு வரும். "சிக்கினா கையைத் தூக்கு, துப்பாக்கியைத் திருப்பாதே"ன்னு 7 மணிப் பேச்சுல பத்துத் தடவை சொல்லுங்க. சூடான கேஸ் கழுத்துக்குள்ள விழுந்தாலும் இதேதான், துள்ளித் திரும்புவாங்க. காலர் பட்டன் போட்டுட்டு வரச் சொல்லுங்க.

'டிக்'கை விட மோசம் 'பொப்'. சத்தம் வழக்கத்தை விடச் சன்னமா வந்தா குண்டு குழலுக்குள்ளயே நின்னிருக்கலாம். அடுத்தது சுட்டாக் குழல் வீங்கும், கிழியும். ஸ்டாப் சொல்லி, போல்ட்டைக் கழட்டி, குழல் வழியா வெளிச்சம் வருதான்னு பாக்கணும்.

12 போர்க்காரங்களுக்கும் சேத்துச் சொல்லிப்போடறேன். டிரங்குப் பெட்டில வருசக்கணக்காக் கிடந்து ஈரம் ஏறின தோட்டா இப்படித்தான் பொப்புங்கும், வேட் (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்பு) குழல்லயே நின்னுரும். தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்ச துப்பாக்கி ரெண்டு மாசம் கழிச்சு வந்தா மொதல்ல குழலைப் பாருங்க, குளவி மண்ணுக்கூடு கட்டியிருக்கும். 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறையைத் தாண்டி உள்ள வழுக்கிப் போயி நிக்கும். காலின்னு நினைச்சு பின்னாடியே 12 போர் தோட்டாவைப் போட்டு மூடலாம், நல்லா மூடும். சுட்டா இடது கை போயிரும். 20 போருக்கு மஞ்சள் நிறம் வெச்சதே இதுக்குத்தான்.

காங்கயம்_காளை

சரிங்க, ஒத்துக்கறேன். சேஃப்டி பட்டனை நம்பி இத்தனை நாளு இருந்திருக்கறேன். ஒரு சந்தேகம்: போன் வெச்சுக்கலாமா? பசங்க வீடியோ எடுக்கணும்பாங்க.

நொய்யல்_கரை

கோட்டுக்குப் பின்னாடி உக்காற்ற எடத்துலிருந்து எடுக்கட்டும். சுடறவரு பையில போன் கூடாது, படுத்திருக்கறப்ப அதிரும். துப்பாக்கியோட போஸ் குடுக்கணும்னா எல்லாம் முடிஞ்சு, கொடி சொருகி, ரேஞ்ச் ஆபீசர் பக்கத்துல நின்னு.

அடிபட்டா: ஒரு வண்டி வாசலைப் பாத்து நிக்கட்டும், சாவி வண்டிலயே. 108க்குப் பேசறவரு யாருன்னு காலைலயே பேர் சொல்லிருங்க, ரேஞ்சு இருக்கற எடத்தை அவரு போன்ல சேமிச்சு வெக்கட்டும். சுத்தமான துணியால காயத்தை அழுத்திப் புடிக்கறது, கை கால்ல ரத்தம் நிக்கலைன்னா டூர்னிக்கே (இறுக்கிக் கட்டற பட்டை). அழுத்தினதை "நின்னுச்சா"ன்னு எடுத்துப் பாக்கக் கூடாது.

ஈயம் கையில ஒட்டும். போண்டாவைக் கை கழுவிட்டுத் திங்கச் சொல்லுங்க, கோட்டுல வெச்சு வேண்டாம்.

தோப்புக்காரர்_பொள்ளாச்சி

திட்டத்தை மாத்திப்போட்டேன். நான் சுடலை, முழு நேரமும் நிக்கறேன். தோட்டா நோட்டுக்கு எங்க சொசைட்டிக் கணக்கரு. 12 போர் வராது. கடைசியா ஒண்ணு: ஏர் ரைபிளுக்கு ஆரஞ்சுக் கொடி எங்க கிடைக்கும்? .22 கொடி அதுக்குச் சரியாகுமா?

பழைய_டீடெய்ல்_கோபி

.22 கொடி அறையில சொருகற கட்டை மாதிரி. ஏர் ரைபிளுக்கு அது ஆகாது, குழல் முழுக்க ஓடி நுனில வெளிய தெரியணும். கடைக்கு அலைய வேண்டாம். உங்க தோப்புல புல்லு வெட்டற பிரஷ் கட்டர் இருக்குமே, அதோட நைலான் நரம்பு, ஆரஞ்சோ மஞ்சளோ, 2.4 மி.மீ. இல்லைன்னா 3 மி.மீ. 4.5 மி.மீ. குழல்ல தாராளமாப் போகும். குழல் நீளத்தை விட 15 செ.மீ. எச்சா வெட்டி, அறைப்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டுக்கோங்க. சுருண்டு கிடக்கற நரம்பு சிக்கும், முந்தின நாளே சுடுதண்ணில போட்டு நேராக்கிருங்க. ரெண்டு ரைபிளுக்கு நாலா வெட்டிக்கோங்க, ரெண்டு எப்படியும் தொலையும்.